நூர்ஜஹானின் கடல்பாசி

வைகாசி 9, வியாழன்

காய்ச்சல் விட்டு நான்கு நாளாகியும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் நேற்றுக் கொடுத்த இளநீர் ஊற்றி உறையவைத்த கடல்பாசியை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

இன்று நானே செய்தேன். கடல்பாசியைக் காய்ச்சி, ஃபிரிட்ஜில் இருந்த இளநீரை அப்படியே ஊற்றினேன். நூல்நூலாகத் திரிந்துவிட்டது. சில்லென்ற தட்டில் உருக்கிய நெய் உறைவதை உதாரணம் காட்டிப் பாடம் நடத்தியவள் நான்! வெட்கத்தை விட்டு அவளிடமே போய்க் கேட்டேன்.

"இளநீர வெதுவெதுப்பா ஊத்தணும் டீச்சர். இதுகூடவா தெரியாது?" என்று சிரித்தாள்.

இரண்டாம் முறை கண்ணாடி போல வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டதுமே இவர், "நூர்ஜஹான் குடுத்தாங்களா? அவுங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்றார்.

நான் செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கிண்ணத்தில் இன்னும் ஐந்து துண்டு இருந்தது.

"ஆமா, சாப்பிடுங்க" என்றேன்.

ஐந்தையும் சாப்பிட்டார். நாளைக்கும் அவளிடமே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.