ஏழு கதவுக் கோட்டை, நான்காம் பாகம்

இராசிபுரம்,
தாரண வருஷம் ஆடி மாதம் 24 (8-8-44)

என் அன்பான அண்ணன் நாச்சிமுத்துவுக்கு உன் தங்கை நல்லம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவும், உன் மாப்பிள்ளையும், குழந்தை ஆத்தாயியும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே. நானேதான். நீ பட்டாளத்துக்குப் போனதிலிருந்து உன் கடிதங்களைத் தபால்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். தங்கச்சி அழக் கூடாது என்று நீ எழுதியதைக்கூட அவர் உரக்கப் படிக்க, எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு மானம் போயிற்று. ஆத்தாயியின் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுக்கு முன்னால் அவளோடு நானும் உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டேன். திடீரென்று சொல்லி உன்னை அசத்த வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தேன்.

பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஏதாவது படிக்க வேண்டுமே. பரண் மேலிருந்த உன் தகரப் பெட்டியை இறக்கினேன். 'ஏழு கதவுக் கோட்டை' ஏழு பாகமும் பத்திரமாக இருந்தன. வருஷத்துக்கு ஒரு பாகமாகத் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் நீ வாங்கி வந்தவை. பெரிய பெரிய எழுத்து, என் மாதிரி ஆளுக்குத் தோது. முதல் பக்கத்தில், "இது நாச்சிமுத்து புஸ்தகம். கேட்காமல் தொடுகிறவர் கை ஒடிந்து போகும்" என்று எழுதி வைத்திருக்கிறாய். பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

நினைவிருக்கிறதா? தறிக்குச் சுற்ற வேண்டிய நூல் தாரில் உன் பங்கையும் நான் சுற்றினால்தான் நீ கதை படிப்பாய். அதுதான் பேச்சு. நான் ராட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்பேன். இளவரசி எக்கேடு கெட்டால் எனக்கென்ன, எனக்கு அந்தப் பறக்கும் குதிரை வெண்சிறகன் போதும். நெருப்பாற்றைத் தாண்டும்போது அதன் சிறகு கருகியது. நிலாக் குளத்தில் முழுகியதும் புதுச் சிறகு முளைத்தது. அதற்கப்புறம் மூன்று பாகமும் இளவரசி அதன் முதுகில்தானே போனாள்?

போன வெள்ளிக்கிழமை காலையில் தறிக்கு ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டிருந்தோம். காய்வதற்குள் இழைகளை நீவிப் பிரித்துவிட வேண்டும். ஒரு பக்கம்தானே என்று நான்காம் பாகத்தைப் பிரித்தேன். அதில் குதிரை செத்துப் போகிறது. நாலே வரி. நெருப்பாற்றில் விழுந்து மாண்டது, இளவரசி அழுதபடி நடந்து போனாள் என்று இருக்கிறது. நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று தரம் படித்தேன். உள்ளே ஓடி மிச்சப் பாகங்களை எடுத்துவந்து ஐந்தில் தேடினேன், ஆறில் தேடினேன், ஏழில் தேடினேன். குதிரையும் இல்லை, நிலாக் குளமும் இல்லை. தலை நிமிர்ந்தால் பாவு வெயிலில் காய்ந்து, இழையோடு இழை ஒட்டி விறைத்துக் கிடக்கிறது. நூல் கிடைக்காத இந்தச் சண்டைக் காலத்தில்! ஆத்தாயியின் அப்பா, "ஏம்புள்ள, செத்த குதிரைக்காவ நல்ல பாவைக் கொன்னுபோட்டயே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் பாகம் வாங்கியது அம்மா செத்துப்போன வருஷம் அல்லவா? பதினாறாம் நாள் கழிந்தும் நான் சோறு தின்னாமல் கிடந்தபோதுதான் நீ அந்தப் பாகத்தைப் படித்தாய். இல்லாத குதிரையை மூன்று வருஷம் எனக்காகப் பறக்கவிட்டிருக்கிறாய், திருட்டுப் பயலே! புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

அப்புறம்தான், கடிதத்திலும் இப்படி எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பாயோ என்று தோன்றியது. உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். சித்திரை வரைக்கும் வந்தவை உன் எழுத்து, புத்தகத்து முதல் பக்கத்தில் இருக்கிற அதே கிறுக்கல். அதற்குப் பின் வந்த மூன்றும் வேறு யாரோ எழுதியவை. முத்துமுத்தான எழுத்து. அதில் நீ, "மரத்தடியில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதுகிறேன், ஒரு குறையும் இல்லை" என்கிறாய். யாரோ படிக்கக் கேட்கிறவளுக்கு எழுத்து மாறியது எங்கே தெரியப்போகிறது என்றுதானே?

அண்ணா, அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன். தபால்காரர் தலையைக் கண்டால் தெருமுனை வரைக்கும் ஓடுகிறேன். உனக்கு என்னதான் ஆயிற்று? கையா, கண்ணா? கேட்காமல் தொட்டால் கை ஒடியும் என்று எழுதினாயே, தொட்டவள் நான் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மோகனூர் போய்க் காவிரியில் முழுகி, வருவது எனக்கே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தறிக்காரர் எல்லாரிடமும், "எம் பையன் மரத்தடியில உக்காந்து எளுதறானாமாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அண்ணனுக்குக் கடிதம் எழுதித் தரும் ஐயா, நீங்கள் யாரோ தெரியாது. நல்ல மனசுக்காரராகத்தான் இருப்பீர்கள். இதை நீங்கள் படித்துக் காட்டுவதானால் ஒரு வரியையும் விடாமல், மாற்றாமல் படியுங்கள். பதில் எழுதும்போது அவர் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவதையும் எழுதுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா, இனிமேல் எனக்காகக் குதிரையைப் பறக்கவிடாதே. செத்ததென்றால் செத்தது என்றே எழுது. அந்த இளவரசி மூன்று பாகமும் நடந்தேதான் போயிருக்கிறாள், நானும் அதையெல்லாம் படித்துவிட்டேன். அர்த்தநாரீஸ்வரர் உன்னை எந்த நிலையிலாவது வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடு. உன் பங்குத் தாரையும் நானே சுற்றுகிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய உன் தங்கை,
நல்லம்மாள்