தோகாவிலிருந்து நாலரை மணி நேரம்

ஜூலை 8, செவ்வாய்

சாரல். துணி காயவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறானாம்.

போனில் தேடிப் பார்த்தேன். தோகா – திருவனந்தபுரம் ஏறக்குறைய மூவாயிரம் கி.மீ. விமானத்தில் நாலரை மணி நேரம். அப்புறம் காரில் புளியறை வழியாகத் தென்காசி, இன்னொரு மூன்று மணி நேரம். கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது இந்த மூவாயிரம்தான்.

எதிரில் 'என்னங்க'. இங்கே 'அவன்' என்றுதான் எழுதுவேன்.

போன லீவுக்குச் சொல்லாமல் வந்து நின்றான். கேட் பூட்டியிருந்தது. "உள்ள எவன்ட்டி இருக்கான்?" பெட்டியைக் கீழே வைக்குமுன் அறை. இடது காது இன்னும் மந்தம். சந்தேகம் பிடித்த நாய்.

வாங்க: மீன், தே. எண்ணெய், காதுக்குச் சொட்டு மருந்து.

ஜூலை 9, புதன்

அண்ணன் வீடு. போலீஸ்காரன், ஊர்ச் சண்டைக்கெல்லாம் ஓடுவான்.

"இந்தத் தடவ அடிச்சாருன்னா வெட்டிப் போட்டுருவேன்ணே."

"மாப்ள கொஞ்சம் கோவக்காரரு. நீ எதுத்துப் பேசாத. என்ன கொறஞ்சா போயிருவ?"

மதினி காபி கொடுத்தாள். என் காதுப் பக்கம் பார்க்கவே இல்லை.

வரும் வழியில் ஒரு பலாப்பழம். வீட்டில் அருவாளை எடுத்து ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. அவன் மண்டை என்று நினைத்துத்தான் போட்டேன். நல்ல இனிப்பு.

ஜூலை 11, வெள்ளி

வெயிலும் சாரலும். பதினொரு மணிக்குப் போன்.

"தோகா ஏர்போர்ட்ல நிக்கேன். போர்டிங் போட்டாச்சு. என்னட்டி பண்ணுத?"

"மீன் கழுவுதேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்லங்க."

அப்போது அவன் பக்கத்தில் வேறொரு குரல்: "எண்ணெய் தேய்க்கணுமா அண்ணாச்சி? நல்லா நீவி விடுதேன், அப்புறம் அருவியில போய் நில்லுங்க." உடனே கட்.

நல்ல வேளை, வலது காதில் வைத்திருந்தேன்.

தோகாவில் ஏது அருவி. குற்றாலத்தில் இருக்கிறான். ஆட்டோவில் கால் மணி நேரம். ராத்திரிதான் வருவான் என்று நான் நம்பியிருக்கும்போது வந்து பிடிக்கப் போகிறான். இல்லாத எவனையோ.

அண்ணனைக் கூப்பிட்டேன். "எண்ணெய்க்காரன் சத்தத்த வச்சு நான் என்ன செய்ய? மாப்ள அவரு வீட்டுக்கு வருதாரு." வைத்துவிட்டான்.

அவரு வீடாம். அப்பா என் பேருக்கு எழுதிய வீடு.

பயமாகத்தான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்விடலாம். நான் எதற்குப் போக வேண்டும்?

மீன் பாதியில் கிடக்கிறது. பூனை எடுத்தால் எடுக்கட்டும்.

கேட்டைப் பூட்டவில்லை. விரியத் திறந்து வைத்துவிட்டேன். வாசலுக்கு நேரே நாற்காலி. அருவாள் மடியில், அதன்மேல் இந்த நோட்டு. பலாப்பால் இன்னும் கையில் ஒட்டுகிறது.

ஆட்டோ சத்தம். இல்லை, அடுத்த வீட்டுக்கு.

இது நம் வாசலில்தான்.