இரண்டு காலடி அகலம்

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடங்களுக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள். அந்தப் பெயிண்ட் வாசனை மூன்று மாடி ஏறி வந்து, பக்கத்து வீட்டுச் சாம்பாரைத் தோற்கடித்து, நான் படித்துக்கொண்டிருந்த பேப்பருக்கு முன்னால் நின்றது. நீ போன செய்தி வந்து நாற்பது நாள் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுத வரவில்லை. பெயிண்டுக்கு வந்துவிட்டது.

செய்தி சொன்னது நம் கால்பந்து கிளப்பில் என்னோடு வேலை பார்த்த முத்துசாமி. அவன் இப்போது சோஹார் துறைமுகத்தில் இருக்கிறான். “அண்ணே, நம்ம லெஃப்ட் விங்கு போயிட்டாராம்ணே. ஹார்ட்டாம். அவரு மக போட்ட படம் போன்ல வந்துச்சு. அந்தப் படத்துலயும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காரு” என்றான்.

ஆங்கிலத்தில் உன்னை அழைக்க எனக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது. தமிழில் நீயா நீங்களா என்று தீர்மானிக்க வேண்டும். நீ முதல் வாரத்திலிருந்தே என்னைக் ‘காக்கா’ என்றாய். உங்கள் குர்து மொழியில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வளைகுடாவில் நாம் இருந்த ஊரில், தேராப் பகுதியில் மசாலாக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து நண்பரும் தன் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார் என்றேன். நீ நம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை படகில் கால்வாயைக் கடந்து, அந்தக் கடைக்கே கூட்டிப்போய் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆகவே நான் அண்ணன். நீ என்றே எழுதுகிறேன்.

என் விசாவில் ‘தோட்டக்காரர்’ என்று இருந்தது. கையில் எம்.ஏ. வரலாறு இருந்தது. இரண்டாம் டிவிஷனில் ஆடிய நம் கிளப், இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலையைக் கண்டுபிடித்துத் தந்தது: ஸ்டோர் கீப்பர், கூடவே மைதானப் பொறுப்பு. புல் வெட்டுவது பெஷாவர்க்காரரான பஷீர் பாய். கோடு போடுவது நான். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது புதுக்கோட்டை முத்துசாமி. உலகின் எல்லைகளை எல்லாம் யாரோ இரண்டு பேர் இப்படித்தான் கயிறு பிடித்துப் போட்டிருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்களிடம் சுண்ணாம்பும் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

உன் கதையை ஒரே தடவைதான் சொன்னாய், அதுவும் ஸ்டோர் ரூமில் பூட்ஸின் அடியில் ஸ்டட் குமிழ்களைத் திருகிக்கொண்டே. ஐந்து வயதில் அப்பாவின் தோளில் ஒரு மலையைத் தாண்டினாய். ஸ்வீடனில் பனியைச் சுரண்டிவிட்டு ஆடப் பழகினாய். பத்தொன்பதில் முதல் டிவிஷன். இருபத்து மூன்றில் ஜெர்மனியில் பெரிய கிளப். அங்கே இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பெரிய ஆட்டங்களை மிக அருகிலிருந்து பார்த்தாய். அதன்பிறகு ஒவ்வொரு ஊராகத் தெற்கே இறங்கினாய். வெயில் ஏற ஏற கிளப் சிறுத்துக்கொண்டே வந்தது. முப்பத்து நான்காம் வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தாய். அதற்குமேல் வெயிலும் ஏற முடியாது, கிளப்பும் சிறுக்க முடியாது.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் உன்னைப் பேட்டி எடுத்தார். நாடில்லாத இனத்தின் பிள்ளை, அதனால்தான் மைதானத்திலும் விளிம்பில் வாழ்கிறார் என்று உருகி எழுதினார். நான் அதைப் படித்துக் காட்டினேன். நீ ஸ்டட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு வலது கால் வராது காக்கா. அதனாலதான் இடது பக்கம்” என்றாய். அதே பேட்டியில் உன் நாடு துருக்கி என்று போட்டிருந்தது. அதையும் நீ திருத்தவில்லை.

பயிற்சி முடிந்ததும் என் கோடு போடும் வண்டியைக் கோலுக்கு முன்னால் நிறுத்தச் சொல்வாய். இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அதன் தலையில் இறக்குவாய். பத்துக்கு ஏழு தடவை டங்கென்று சத்தம் கேட்கும். பஷீர் பாய் ஒவ்வொரு டங்குக்கும் “வாஹ்” என்பார். முத்துசாமிக்கு மட்டும் கவலை. “வண்டி ஒடஞ்சா அது ஒங்க கணக்குலதான் ஏறும். அவருகிட்ட சொல்லுங்கண்ணே, ஆள வச்சு அடிக்கச் சொல்லுங்க. ஆளு ஒடஞ்சா கம்பெனி பாத்துக்கும்.”

இரண்டாவது வருடம் பாதியில் புதிய கோச் வந்தார். முதல் நாளே மைதானத்தைக் குறுக்கச் சொன்னார். விதிப்புத்தகம் அகலத்துக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் தருகிறது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் கோடு போடலாம். தோற்காமல் இருப்பதே வெற்றி என்பது அவர் கொள்கை. இடம் குறைந்தால் எதிரி கடந்து போக முடியாது. நம் ஆளும் முடியாது. அது அவருக்குப் பொருட்டில்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டோம்.

எல்லோர் முன்னாலும் நீ கோச்சிடம் போனாய். “இது விங்கர் ஆடுற இடமா, காரிடாரா? எனக்கு அகலம் வேணும்” என்று கத்தினாய். அவர் தன் வெள்ளைப் பலகையில் உனக்கான காந்த வில்லையை ஒரு விரலால் உள்ளே நகர்த்தினார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த சீசனோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. கடைசி ஆட்டத்தைக் கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். பார்த்துவிட்டு உனக்கு இன்னொரு வருடம் உண்டா இல்லையா என்று சொல்லும். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஸ்டோர் வாசலில் நின்று, “ஒன் மோர் இயர், காக்கா. பஸ், அது போதும்” என்றாய். ஸ்வீடன் பாஸ்போர்ட் உள்ளவனுக்கு இந்த ஊர் எதற்கு என்று கேட்டேன். “அங்க போனா நான் முன்னாடி ஆடினவன். இங்க நான் ஆடுறவன்” என்றாய். ஆடுகிறவனாக இருக்க இன்னொரு வருடம். அதுதான் நீ கேட்டது.

அதைக் கேட்டுவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். மறுநாள் காலை முத்துசாமியைக் கூட்டிக்கொண்டு போய், கோட்டை ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளினேன். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் போதாது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு நீ எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவாய். இதை யோசித்துக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கொடிக் கம்புகளையும் பிடுங்கி நட்டோம். உள்ளே இருந்த கோட்டின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தோம்.

“கோச்சு பாத்தா?” என்றான் முத்துசாமி.

“அவர் பலகையத்தான் பார்ப்பார். கிரவுண்ட எங்க பாத்தார்?”

“நம்ம லெஃப்ட் விங்குகிட்டயாவது சொல்லிருவமாண்ணே? ஆடப்போறவரு அவருல்ல?”

“சொன்னா அவனுக்குத் தேவையில்லாத டென்ஷன். சும்மா இருடா.”

“ஒரு நாட்டுக்குக் கோடு போட்டவன்கூட இம்புட்டு ரகசியம் காத்திருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுற்றினான்.

மாலை அஸர் தொழுகை முடிந்து ஆட்டம். வழக்கம்போல நீ முன்னதாகவே தனியாக வந்து, ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோடு வரை உதடு அசைய நடந்தாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நீ செய்கிற துவா, உன் பிரார்த்தனை அது. அந்த நேரத்தில் பஷீர் பாய் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். முத்துசாமி செருப்பைக் கழற்றிவிடுவான். அன்று மறு கோட்டை அடைந்ததும் ஒரு நொடி நின்று என் பக்கம் பார்த்தாய். துவா நன்றாக அமைந்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி ஆட்டம் தாண்டிக் கொஞ்ச நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணி ஆளின் காலில் பட்டுத் தெறித்த பந்து இடது ஓரமாக உருண்டது. நீ துரத்தினாய். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, பந்து வெளியே போய்விட்டது, நம்முடைய த்ரோ என்று கையைத் தூக்கினாய். பந்து வெளியே போகவில்லை. நான் கொடுத்த ஒரு மீட்டரின் நடுவில், பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய கோட்டைத் தாண்டி, புல்லில் சாவகாசமாக நின்றது. எதிரணிக்காரன் வந்து எடுத்துக்கொண்டான். மூன்று பாஸில் கோல். நீ இன்னும் கையை இறக்கவில்லை.

கோச் தண்ணீர்ப் பாட்டிலை வீசினார். “கோடு எங்க இருக்குன்னே இவனுக்குத் தெரியல” என்று கமிட்டிக்குக் கேட்கும்படி சொன்னார். வேலி ஓரம் நின்ற நான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் இருந்தது.

அடுத்த வாரம் நீ க்ளியரன்ஸ் பேப்பரோடு ஸ்டோருக்கு வந்தாய். வளைகுடாவில் எந்த மனிதனும் சும்மா போய்விட முடியாது. அவன் எதையும் எடுத்துப் போகவில்லை என்று ஆறு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்சி நான்கு, பூட்ஸ் இரண்டு ஜோடி, பை ஒன்று. எல்லாம் சரியாக இருந்தது. என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

“கோட்ட நகர்த்தினது நான்தான்” என்றேன்.

“தெரியும். அறுபத்தாறு. அதுக்கு முந்தி அறுபத்து நாலு.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. “அப்ப அது துவா இல்லையா?”

நீ சிரித்த சிரிப்பில் பஷீர் பாய் எட்டிப் பார்த்தார். “துவாவா? பதினேழு வருஷமா காலால அளக்குறேன். விங்கருக்கு கிரவுண்டோட அகலம் தெரியணும். துவாவ எங்க அம்மா பாத்துக்குவா.”

“தெரிஞ்சும் எதுக்குக் கையத் தூக்குன?”

சிரிப்பு நின்றது. ஆனால் உன் முகத்தில் கோபம் வரவில்லை. “கால் போகல காக்கா. பந்து எட்டாதுன்னு நாலடி முன்னாடியே தெரிஞ்சிருச்சு. கையத் தூக்கினா லைன்ஸ்மேன் ஏமாறுவானான்னு பாத்தேன். பழைய கோடா இருந்தா பந்து தானா வெளிய போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“நீதானே அகலம் வேணும்னு கத்தின?”

“அது கோச்கிட்ட. எல்லாரும் பாக்கறாங்க, விங்கர் வேற என்ன கேப்பான்? அந்தச் சின்ன கிரவுண்டுதான் என்னை இன்னும் ஒரு வருஷம் காப்பாத்தியிருக்கும். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” பேனாவை எடுத்து என் கையில் வைத்தாய். “யல்லா, சைன்.”

போட்டேன். ‘எதுவும் பாக்கி இல்லை’ என்ற வாசகத்துக்குக் கீழே என் கையெழுத்து. நான் கையெழுத்திட்ட பொய்களில் அதுதான் அழகான கையெழுத்தில் இருக்கிறது.

நீ அதன்பிறகு ஆடவில்லை. ஸ்வீடனில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாய். வருடா வருடம் மார்ச்சில் உங்கள் புத்தாண்டு அன்று போன் வரும். “காக்கா, கோடு எங்க இருக்கு?” என்பாய். “போட்ட இடத்துலதான் இருக்கு” என்பேன். அதற்கப்புறம்தான் நலம் விசாரிப்பது. இந்த மார்ச்சில் யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

நான் ஊர் திரும்பி, திருச்சியில் இந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஆகியிருக்கிறேன். எல்லைகள் என்னை விடுவதில்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் இந்த வருடம் மூன்று தடவை தூணில் காரை உரசிவிட்டார். இன்று காலை பெயிண்டர் குனிந்து நின்றபோது, விருந்தினர் இடத்திலிருந்து அவருக்கு ஓர் அடி தள்ளிக் கொடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. கைகூட நீண்டுவிட்டது.

பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மாடி ஏறிப் போய் அவரையே கேட்டேன். “இடம் போதலைன்னு யார் சார் சொன்னா?” என்றார் விறைப்பாக. அப்புறம் காபி கொடுத்தார். காபி பாதியில், இடது கண் சரியாகத் தெரியவில்லை, காரை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன், மகனிடம் இன்னும் சொல்லவில்லை என்றார்.

கீழே வந்து கோட்டைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னேன். போடுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் காலை நீட்டி வைத்து நடந்தேன். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த டிரைவரைச் சும்மா இருக்கச் சொன்னான்.

“சார் சாமி கும்பிடறாரு” என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. பத்தொன்பதாவது காலடியில் இருந்தேன், பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.