தம்பியின் குரலுக்குப் பின்னால்

அன்புள்ள அம்மாவுக்கு, கார்குழலி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்று ஷார்ஜா கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்தேன். அதன் ஐசி என்கிற சின்னச் சில்லுக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. பிரிட்ஜ் முறையில் இணைத்தால், ஸ்பீக்கரின் ஒரு முனையை ஒன்று தள்ளும்போது மறுமுனையை மற்றது இழுக்கும். சத்தம் நன்றாகக் கூடும். சோதித்துப் பார்க்க, தம்பி நோணாங்குப்பம் ஆற்றில் மூழ்கி இறந்த அன்று எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன்.

"அக்கா, குளிக்கப் போறேன்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால், போனில் போட்டபோதெல்லாம் காதில் விழாத உன் குரல்: "டேய் தமிழ்மாறா, ஆத்துப் பக்கம் போவாதடா!"

தடுக்காமல் விட்டேனே என்று மூன்று வருஷமாக அழுகிறாய். நீ தடுத்திருக்கிறாய், அம்மா.

ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் மிளகாய்ப்பொடியும் அவனுடைய நீலச் சட்டையும் கொடுத்தனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார். அந்தக் குரலை உனக்கு அனுப்பட்டுமா?

உன் மகள்,
கார்குழலி