படகோட்டி சொன்ன பனிமூட்டம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் வருஷா வருஷம் நடத்திய அந்தப் பழைய நாவல் உனக்கு நினைவிருக்கும், படகோட்டி ஒருவன் நான், நான் என்று தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போவானே. அக்கரையில் அவன் நண்பன் விளக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான், இவன் படகை எடுக்கவில்லை, நண்பன் தானே ஆற்றில் இறங்கி மூழ்கிச் செத்துப்போகிறான். கையை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம், உச்சிவேளை வரை கலையவில்லை, விளக்கு என் கண்ணில் படவே இல்லை என்கிறான் படகோட்டி. அந்த இடத்தை வாசித்தால் வகுப்பே கண் கலங்கும். அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்து, பனியைப் பார்த்தது அவரு ஒருத்தர்தானே சார், வேற யாராவது பார்த்தாங்களா என்றாள். கதை சொல்கிறவனையே சந்தேகப்பட்டால் அப்புறம் எதைத்தான் படிப்பது, உட்கார் என்றேன். மணியும் அடித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். கடைக்காரம்மா என் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி ஒவ்வொரு வில்லையாக மாற்றிக்கொண்டே, பனி விலகிச்சா சார், இல்ல இன்னும் படகு எடுக்க முடியாதா என்று கேட்டாள். நீதானா அது என்றேன். நானேதான், உட்காருன்னீங்க, உட்கார்ந்துட்டேன், பதில்தான் இன்னும் வரலை என்று சிரித்தாள். அப்புறம் பில் எழுதிக்கொண்டே அவளே சொன்னாள், நண்பன் இறந்த அன்று காலையில் துவைத்துப் போட்ட சட்டை சாப்பிட உட்காருவதற்குள் காய்ந்துவிட்டது என்று பத்துப் பக்கம் தள்ளிப் படகோட்டியே எழுதியிருக்கிறானாம். அந்தப் பனியில் எப்படி சார் காயும் என்றாள். இருபத்தெட்டு வருஷம் நடத்தினேன், அந்தச் சட்டை வருஷா வருஷம் என் கண்ணெதிரேதான் காய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்தியான வெயில் பக்கத்தின்மேல் வந்து படுத்திருந்தது, படிக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் இதே புத்தகத்தைத்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், அந்த அறையின் பச்சைத் திரையும், சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்தும், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. வாசிக்கும்போது தோன்றுவதை நாள் குறித்து ஓரத்தில் பென்சிலால் எழுதும் பழக்கம் எனக்கு உண்டென்று நீ அறிவாய். பனிமூட்டம் வரும் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து இருந்தது. "இரண்டாம் நாள். மூச்சு வாங்குகிறது. பெரியவளைக் கூப்பிடச் சொல்கிறாள். சாதாரணக் காய்ச்சல் என்று மட்டும் போனில் சொல்லிவைத்தேன்."

இந்த மூன்று வருஷமாக நான் ஊருக்கும் உன் தங்கைக்கும் சொல்லிவருவது வேறு. உடம்பு மோசம், உடனே கிளம்பி வா என்று அன்றைக்கே சொன்னேன், பெரியவளுக்குத்தான் வேலை விடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னதில்லை, சொல்லச் சொல்ல எனக்கு அதுவே நடந்ததாக ஆகிவிட்டது. எல்லாம் முடிந்து நீ வந்து சேர்ந்த அன்று, நீங்க அப்படிச் சொல்லலையேப்பா என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். சொன்னேன் என்றேன், வகுப்பில் பேசும் குரலில். சரிப்பா, நான்தான் சரியா காதில வாங்கலை போல என்றாய். உன் ஞாபகத்தையே உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். தங்கை உன்னோடு பேச்சை நிறுத்தியதற்கும் நான்தான் காரணம்.

நேற்று அவளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் இரண்டு தடவை படித்தாள். மூணு வருஷம் அக்காகிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசலையேப்பா நான் என்றாள், அப்புறம், இந்தப் பென்சிலை மட்டும் எப்படி நம்பறது, இதுவும் நீங்க எழுதினதுதானே என்றாள். நியாயமான கேள்வி. அதை எழுதும்போது யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். போகும்போது, அக்கா ஊரில் இப்போ மணி என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். உன் புது வேலைக்கான நேர்காணல் கெடக் கூடாது என்பதற்காக என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் அம்மா போய்விடுவாள் என்று பயந்தேனோ என்றும் தோன்றுகிறது. எது சரி என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆகையால் இந்தக் கடிதத்தையும் நீ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் சிரித்த முகமாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. தங்கை கூப்பிட்டால் முதலில் அவளைப் பேசவிடு. இன்னும் ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த நான்கு நாளில் நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பதை, 'நான்' என்று தொடங்கி, ஒரு தாளில் உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா