ஜீப் கூரைக்கு ஓர் உள்சட்டை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அக்கா வீட்டில் எல்லாரும் சுகம், ஜீப்பும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இதைப் படித்து முடித்த கையோடு அப்படி மாறிக்கொள்.

முதலில் ஜீப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சோபா உறை, திரைச்சீலை, மெத்தை விரிப்பு என்று எனக்கு ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது, அப்பா அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு டிரைவராகிவிட்டார். வீடு வீடாகப் போய் அளவெடுப்பது நான், துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது அவர். எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தக் கூரைதான் உயிரை வாங்கியது. கிழிந்துபோன துணிக்கூரையைக் கழற்றிவிட்டு, யாருடைய ஜீப்பிலோ இருந்த கெட்டிக் கூரையை ஆசையாக வாங்கி மாட்டினாரே, அதற்கு உள்ளே ஒட்டுத் துணிகூடக் கிடையாது, வெறும் தகரம். வெயிலில் அரைமணி நேரம் நின்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெந்துவிடலாம். ஓடும்போது அது அதிர்கிற சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது, மழை வந்தால் சொல்லவே வேண்டாம். இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் "அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்" என்பார். போன மாதம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போய் இறங்கினேன், வாசலிலேயே தலை சுற்றிவிட்டது. அந்த வீட்டம்மா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார், எந்த சோபாவை அளக்கப் போனேனோ அதிலேயே. கண்ணைத் திறந்தால் உன் அப்பா கையில் என் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் நிற்கிறார். பயப்படாதே, வெறும் சூடுதான், தண்ணீர் குடித்ததும் எழுந்து அளவெடுத்துக்கொண்டுதான் வந்தேன். மறுநாள் காலையில் அவராகவே "கூரைக்கு என்ன வேணும் சொல்லு" என்று வந்து நின்றார்.

கார் அலங்காரக் கடையில் கேட்டோம். கூரை வாங்கிய விலையைவிட அதிகமாகச் சொன்னார்கள். அப்பா அந்த வேகத்திலேயே தெர்மாக்கோல் வாங்கி, வீட்டிலிருந்த பசையைத் தடவி, ஒரே மதியத்தில் ஒட்டி முடித்துவிட்டார். ஒட்டி முடித்த பெருமையில் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் பசை இளகி, சிக்னலில் நிற்கும்போது முழுப் பலகையும் அவர் தலையில் இறங்கியது. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் வண்டிகள், என்ன செய்வார், ஒரு கையால் கூரையைத் தாங்கிக்கொண்டே வீடு வரை ஓட்டினார், சத்தியப் பிரமாணம் எடுப்பவர் போல. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் ஸ்பாஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, ஆனால் அது கூடாது, தகரம் விடியற்காலையில் வியர்க்கும், ஸ்பாஞ்சு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தகரத்தைத் துரு பிடிக்க வைத்துவிடும். தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம்தான் வேண்டும். அது எங்கே இருக்கிறது தெரியுமா, உன் அக்கா வீட்டு பீரோவுக்குப் பின்னால். இனிமேல் தினமும் உடற்பயிற்சி என்று சபதம் போட்டு அவளுக்கும் மாப்பிள்ளைக்குமாக வாங்கிய பாய்கள், சுருள் பிரிக்காமல் நிற்கின்றன. கேட்டதும் மாப்பிள்ளை "எடுத்துட்டுப் போங்க அத்தை, அவ மனசு மாறறதுக்குள்ள" என்று அவரே தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் வைத்தார். ஆக, பெரிய செலவு மிச்சம். சூடு தாங்கும் பசை ஒரு டப்பாவும், ஓட்டை அடைக்கிற அலுமினிய டேப்புச் சுருளும் மட்டும் வாங்கினோம்.

அப்பா உள்ளே படுத்துக்கொண்டு துருவைத் தேய்த்தார், தின்னர் போட்டுத் துடைத்தார், பெயிண்ட் அடித்துக் காயவிட்டார். அதிர்கிற இடங்களில் டேப்பை அழுத்தி ஒட்டினோம், தட்டிப் பார்த்தால் தகரத்தின் கணகண சத்தம் போய் மரக்கதவைத் தட்டுவது போல் ஆகிவிட்டது. பழைய செய்தித்தாளைக் கூரையில் வைத்து அளவுக்கு வெட்டி, அந்தத் தாளைப் பாயின்மேல் போட்டு நான் வெட்டினேன். கூரையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு வழி விட்டே வெட்டினோம், நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றால் முழுவதையும் கிழிக்கக் கூடாதல்லவா. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். அழுத்துவதற்கு அப்பா அச்சகத்து மை உருளையைக் கொண்டுவந்தார். ஒரு மூலையைக்கூட விடவில்லை, நான் போதும் என்ற பிறகும் உருட்டிக்கொண்டே இருந்தார். மேலே திரைச்சீலைக்கு உள்ளே வைக்கிற வெளிர்நிறத் துணியில் மிச்சம் கிடந்ததை இழுத்து ஒட்டினேன். கதவெல்லாம் திறந்து வைத்து ஃபேன் போட்டும் பசை வாசனையில் இரண்டு பேருக்கும் ஒரு நாள் முழுக்கத் தலை கனத்தது. நீ எப்போதாவது செய்தால் வெளியிலேயே வைத்துச் செய்.

மறுநாள் மதியம் உள்ளே கூரையைத் தொட்டேன், கை சுடவில்லை. வண்டி ஓடும்போது அவ்வளவு அமைதி, நம் ஜீப்தானா என்று இருந்தது.

இனிமேல்தான் விஷயம். அந்த வாரமே நல்ல மழை. ஒரு ஆர்டரைக் கொடுத்துவிட்டு வருகிறோம், கூரையில் மழை விழுவது தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல் மெதுவாகக் கேட்கிறது. அப்போது டிக், டிக் என்று ஒரு சத்தம். என்னவென்று தேடினால் இண்டிகேட்டர், எங்கோ திரும்பும்போது போட்டது, அணையாமல் அடித்துக்கொண்டே வருகிறது. "இண்டிகேட்டர் போட்டபடியே இருக்கு" என்றேன். அப்பா "மழைச் சத்தத்துல கேக்கல, என்ன சொன்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, இவர் விலகவில்லை, வலது பக்கம் ஒரு சாண் இடைவெளியில் அது உரசாமல் தாண்டிப் போனது. பிறகுதான் திடுக்கிட்டு "எங்கேருந்து வந்தான் இவன்" என்கிறார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாதாரணக் குரலில், "நான் நாளைக்கு வீட்டை வித்துட்டு சாமியாராப் போறேன்" என்றேன். "சரி, போயிட்டு வரலாம்" என்றார். இரண்டு வருடமாக எதைக் கேட்டாலும் சரி சரி என்கிறாரே, வயதாக ஆகக் கனிந்துவிட்டார் என்று நான் எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன் பார்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முகத்துக்கு நேராகக் கேட்டேன். இன்ஜினை அணைத்தார். அப்புறம், "அச்சு மெஷின் பக்கத்துலயே நின்ன காது, எவ்வளவு நாள்தான் தாங்கும். வீட்டுல நீங்க எல்லாரும் பேசிச் சிரிக்கிறப்ப நான் மட்டும் முழிச்சுட்டு உட்காந்திருக்கேன். ஜீப்புல ஏறினா யாருக்குமே ஒண்ணும் கேக்காது. அங்க நான் மட்டும் தனியா இல்ல" என்றார். சத்தம் போனால் அந்த ஒரு இடமும் போய்விடும் என்று தெரிந்துகொண்டேதான் அந்த மனிதர் ஒவ்வொரு மூலையையும் உருளை போட்டு ஒட்டியிருக்கிறார். சாவியை வாங்கிக்கொண்டேன், மாப்பிள்ளை வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

காது டாக்டரிடம் போனோம். பீரோ மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சுவரில் மெத்தை ஒட்டியிருந்தார்கள், மூலையெல்லாம் பெயர்ந்து தொங்கியது, எனக்குக் கை பரபரத்தது. அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார் டாக்டர், எனக்கு அந்த அறையை ஒட்டுகிற ஆர்டர் கொடுத்தார்.

இப்போது அப்பா மறுபடி ஓட்டுகிறார், டாக்டர் சரி என்ற பிறகுதான். குழாய் சொட்டுவது கேட்கிறது, ஃபிரிட்ஜ் முனகுவது கேட்கிறது, நான் குறட்டை விடுகிறேனாம், இத்தனை வருடத்தில் இல்லாத புகார். ஹாலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க யார் சரி சொன்னது என்று என்னிடமே கேட்கிறார். முன்பெல்லாம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உன்னிடம் அவரைப் பற்றிப் பேசுவேன், இப்போது அடுத்த அறையிலிருந்து பதில் வருகிறது, அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறேன்.

கண்ணா, இன்னொன்று. நீ போன் செய்யும்போதெல்லாம் "நல்லா இருக்கேன், அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவாரே, நீ அவ்வளவு தூரம் போனதில் அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை என்று அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டாயாம். கோபம் எதுவும் இல்லை, நீ பேசியது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. நீ அவருக்குத் தனியாக அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் போனில் அப்படியே இருக்கின்றன. இப்போது தினமும் சாயங்காலம் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பழையதிலிருந்து வரிசையாகக் கேட்கிறார். நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பதில் அனுப்பத் தெரியாமல் என்னிடம் வந்து கேட்டார், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வை, இதை மட்டும் மறக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். அப்பாவிடமிருந்து பதில்கள் வர ஆரம்பிக்கும். வீடு மாறலாமா வேண்டாமா, வேலைக்கு அந்தக் கம்பெனியா இந்தக் கம்பெனியா என்று நீ எப்போதோ கேட்டதற்கெல்லாம் இப்போது யோசனை சொல்வார். அதெல்லாம் முடிந்துபோன கதை என்று சொல்லிவிடாதே. அப்போதுதான் கேட்டவன் மாதிரி, சரிப்பா என்று சொல்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா