நான் தேநீர் வாங்கப் போயிருந்தபோது அவிழ்ந்த சிக்கல்

என் அருமைச் சகலை ராஜமாணிக்கத்துக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் தேநீர் வாங்கப் போயிருந்தபோது நீங்கள் நிஜமாகவே செய்தீர்களா, இல்லையா?

இந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் என் நிறுத்தம் வருமுன்பே இறங்கி நடக்கிறேன். சாப்பிடும்போது எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறேன். மல்லிகா, "யாரு உங்களைத் தொரத்துறா? உக்காந்து சாப்பிடுங்களேன்" என்கிறாள். உன் அக்கா வீட்டுக்காரர்தான் துரத்துகிறார் என்று சொன்னால் அழுதுவிடுவாள். அதனால் வெயில் அதிகம் என்று ஏதோ சொல்லி வைக்கிறேன்.

நாம் பேசிக்கொள்வதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிங்கப்பூர்த் தேக்காவில் முப்பது வருஷத்துக்கு மேல் ரவிக்கை தைத்தவர். நான் பஸ் பணிமனையில் பிரேக் பார்த்தவன். அக்கா தங்கையைக் கட்டியதைத் தவிர நமக்குள் பொதுவாக எதுவும் கிடையாது. எந்தக் கல்யாண வீட்டிலும் நாம் ஒரு மணி நேரம் சண்டை போடாமல் உட்கார்ந்ததில்லை.

ஃபேரர் பார்க் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் சிலர் கயிற்றில் பந்து கட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைக்கும் இரண்டு கயிறு. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் பாட்டோடு சுழற்றுவதாம். போயி என்று பெயராம். நான் நின்று பார்த்தேன். "கத்துக்கிறீங்களா அங்கிள்?" என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். பிரேக் பார்க்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீட்டுக்குப் போய் இரண்டு பள்ளிக்கூடக் காலுறையில் பச்சைப்பயறு நிரப்பி, ஜன்னல் திரைக் கயிற்றில் கட்டினேன். மறுவாரம் அதே திடலில் ஓரமாக நின்று என் மண்டையிலேயே அடித்துக்கொண்டேன்.

நீங்கள் சிரிக்கத்தான் வந்தீர்கள். உங்கள் வீடு திடலுக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடி புளோக்கில். "என்னய்யா சகல, கொசு வெரட்டுறியா?" என்றீர்கள். அடுத்த ஞாயிறு, சிவப்பு ரவிக்கைத் துண்டில் அழகாகத் தைத்த இரண்டு பைகளோடு வந்து நின்றீர்கள். பயறுகூட உள்ளே குலுங்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் உங்கள் கயிறுகளைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. இடக்கைக் கயிறு வலக்கையுடையதைவிட இரண்டு விரல் நீளம். நான் விடுவேனா? "ஊருக்கே அளவெடுத்த ஆளு, ரெண்டு கயிறை ஒரே அளவா வெட்டத் தெரியலையே!" என்று திடலே கேட்கக் கத்தினேன். நீங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். கடைசிவரை அதை வெட்டவும் இல்லை.

கயிறுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் தப்பு. பிள்ளைகள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். நமக்கோ தொடாமல் சுற்ற வரவே இல்லை. கயிறுகள் நடுவழியில் பின்னிக்கொள்ளும். பதறி இழுத்தால் முடிச்சு. ஒருநாள் நான் இழுக்காமல் கையைத் தளர்த்தி வைத்தேன். பைகள் அந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போயின. கையை வந்த வழியே திருப்பினேன், சிக்கியதே தெரியாமல் கலைந்தது. நீங்கள் வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்து நின்றீர்கள். நினைவிருக்கிறதா?

பிறகு திருப்பாமலே அவிழ்ப்பதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். சிக்கிய நிலையில் ஒரு கையை மற்றதன் மேலே தாண்டவிட்டால் முன்னோக்கிப் போனபடியே கயிறு பிரிந்துவிடும். அதைச் செய்துகாட்டியபோது ஷாலினி, முதல் நாள் என்னிடம் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்ட பெண், கோயம்புத்தூரிலிருந்து வந்து கிளமெண்டியில் வேலை பார்ப்பவள், போனை எடுத்து நீட்டினாள். "இது இருக்கு அங்கிள், வீடியோவே இருக்கு. இதுக்குப் பேரு கூட வச்சிருக்காங்க" என்றாள். நீங்கள் சந்தோஷமாகப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் முன்பே அவிழ்த்திருக்கலாம், அது அவன் சமாச்சாரம். நம் கயிற்றை நாம்தானே அவிழ்த்தோம்?

அந்தக் கோபத்தில்தான் மூன்றாவதைத் தொடங்கினோம். பின்னிய கயிறுகளைச் சுழற்சி நிற்காமல் தலைக்கு மேலே தூக்கி, முதுகுப் பக்கம் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமலே அங்கே அவிழ்ப்பது. இது யாருடைய வீடியோவிலும் இல்லை என்று ஷாலினியே தேடிப் பார்த்துச் சொன்னாள். "நடக்காது லா, அங்கிள். மேல போகும்போது ரெண்டும் மோதிக்குது பாருங்க" என்றாள். உண்மைதான். தலைக்கு மேலே போன மறுநொடி பைகள் முட்டிக்கொண்டு தொப்பென்று தோளில் விழும். மாதக்கணக்கில் விழுந்தன.

அந்த ஞாயிறு மழை வருகிற மாதிரி இருந்ததால் பிள்ளைகள் யாரும் வரவில்லை. நாம் இரண்டு பேர்தான். நான் தேநீர் வாங்கப் போனேன். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் தொங்க, சாலையைக் கடந்து வருகிறேன். நீங்கள் திடல் நடுவிலிருந்து கத்துகிறீர்கள்.

"வந்துடுச்சு சகல! அவுந்துடுச்சு! முதுகுக்குப் பின்னாடி!"

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்யா!"

"முதுகுக்குப் பின்னாடி நடந்ததை நீங்க எப்படிப் பாத்தீங்க?"

நீங்கள் சிரித்துக்கொண்டே மறுபடி செய்யப்போனீர்கள். நான் தடுத்தேன். அந்தக் கோணல் கயிற்றில் செய்தால் கணக்கில்லை, என் ஜோடியில் செய்துகாட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன் என்றேன். என் காலுறைகளை வாங்கி, தேநீர் ஆறும்வரை முயன்றீர்கள். ஒவ்வொரு தடவையும் மோதி விழுந்தது. "பாக்காததை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன். "சரிய்யா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அடுத்த வாரம் உங்களுக்கு வரவில்லை. வியாழக்கிழமை காலை எழுந்திருக்கவில்லை என்று உங்கள் வீட்டுச் சரோஜா அக்கா போன் செய்தார்கள். இது என்ன நியாயம்? ஒரு வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் விடாதவர் ஆயிற்றே.

உங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் கண்ணாடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறாரே என்று அந்த நேரத்திலும் உங்களைத் திட்டினேன்.

அதிலிருந்து தினமும் முயல்கிறேன். புக்கிட் மேராவில் எங்கள் புளோக் பின்னாலுள்ள புல்லில், காலையில். கயிற்றைக் குறைத்தேன், பயறைக் கூட்டினேன், உள்ளே மணல் போட்டேன். மோதுகிறது. ஷாலினி சொன்னபடி நடக்காததுதான் என்றால் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது பொய் என்றாகிறது. நடக்கும் என்றால் நான் கடைசியாக உங்களிடம் சொன்னது என்ன ஆகிறது? இரண்டில் எதையும் என்னால் விழுங்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, தோளில் விழுந்த காலுறையை எடுக்காமல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கழுத்தில் டேப்போடு வாழ்ந்த மனிதர் இரண்டு விரல் தப்பு செய்வாரா? கயிறு ஒன்று நீளமாக இருந்தால் ஒரு பை வெளியே சுற்றும், மற்றது உள்ளே சுற்றும். அப்புறம் எப்படி மோதும்?

குளிக்காமல் பஸ் ஏறினேன். சரோஜா அக்கா கதவைத் திறந்து, "என்ன தம்பி, மல்லிகாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பயந்துபோய்க் கேட்டார்கள். சகலையின் கயிறு வேண்டும் என்றேன். சமையலறை ஜன்னலைக் காட்டினார்கள். வெளியே நீட்டிய மூங்கில் கழியில் துணி காய்கிறது. காற்றில் துணி பறக்காமலிருக்க உங்கள் சிவப்புப் பைகள் இரண்டும் போர்வையின் இரு முனையிலும் தொங்குகின்றன!

"அதைக் கழட்டாதீங்க தம்பி. போன வாரம் என் தலையணை உறை ஆறாவது மாடிக்குப் போயிடுச்சு. அவங்க திருப்பியே தரலை."

"நான் கிளிப் வாங்கித் தர்றேங்க்கா."

"இப்ப காத்தடிக்குதே, இப்ப எங்க கிளிப்பு?"

வாக்குவாதம் செய்து கழற்றி வாங்கினேன். வெயிலில் பைகள் சற்று வெளுத்திருக்கின்றன. தரையில் நீட்டி வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு விரல். நீளக் கயிற்றின் முனையில் மடித்துத் தையல் போட்டிருக்கிறீர்கள், பிரித்து இன்னும் நீட்டிக்கொள்ள வசதியாக. கோணல் இல்லை சகலை, அளவு.

எதிர்த் திடலுக்குப் போனேன். முதல் தடவை தோளில் விழுந்தது. இரண்டாவதில் பைகள் தலைக்கு மேலே போயின, மோதவில்லை. ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்று சுற்றுவது கையில் தெரிந்தது. முதுகுப் பக்கம் இறக்கினேன். இழுக்கவில்லை. கயிறு தளர்ந்து இரண்டு கையும் தனித்தனியாக லேசானது. திரும்பிப் பார்த்தேன், புல்லைத் தவிர யாரும் இல்லை. யார் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது.

அப்போது பின்னாலிருந்து குரல். "தம்பி, ஆயிடுச்சா? குடுங்க, போர்வை பறக்குது."

அக்கா வீட்டுச் செருப்போடு நின்றிருந்தார்கள். "பாத்தீங்களாக்கா?" என்றேன்.

"என்னத்தை? ஓ, இதா? இதைத்தான் அவரும் செஞ்சாரு. நீங்க நம்பலைன்னு அந்த ஞாயித்துக்கிழம ராத்திரியெல்லாம் பொலம்பினாரு. நீயாவது பாருடின்னு கூடத்துல நிக்க வச்சுச் சுத்துனாரு. சுத்துன வேகத்துல கடிகாரக் கண்ணாடி போச்சு. நான் திட்டுன திட்டுல அப்படியே உக்காந்துட்டாரு."

"அவுந்துச்சாக்கா? முதுகுக்குப் பின்னாடி?"

"அவுந்துச்சே. அவுந்த பிறகுதானே பறந்துபோய் அடிச்சுச்சு."

இத்தனை நாளும் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருந்தது சகலை. கயிறு சுற்றத் தெரியாதவர்களிடம் என்ன கேட்பது என்று நான் கேட்கவில்லை. அவர்களும், இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லவில்லை. அக்கா என் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டு, "முகம் கழுவிட்டு வாங்க, தோசை ஊத்துறேன்" என்று நடந்தார்கள்.

நீங்கள் செய்தீர்கள். நீங்கள்தான் முதலில் செய்தீர்கள். எழுத்தில் கொடுத்துவிட்டேன், போதுமா? ஆனால் கயிற்றை நீளமாக வைத்த காரணத்தை வாயைத் திறந்து ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கேட்டிருக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? இந்த மனத்தாங்கல் எனக்குத் தீராது. தீர்க்கவும் போவதில்லை.

அக்காவுக்குக் கிளிப் வாங்கிக் கொடுத்துவிட்டேன், பெரிய பெட்டியாக. கடிகாரத்துக்குக் கண்ணாடி போடலாமா என்று கேட்டேன்; வேண்டாம் என்றார்கள். சிவப்பு ஜோடி இப்போது என்னிடம் இருக்கிறது. அதை வெட்டிச் சமமாக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு திடலில் எல்லாரும் பார்க்கச் செய்வேன். ஷாலினி படமெடுத்து, இதற்கு என்ன பெயர் என்று கேட்பாள். ராஜமாணிக்கம் என்பேன். தேநீர் வாங்க வேறு யாராவது போகட்டும். நான் திடலை விட்டு நகரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனியைக் கட்டியவன், பார்க்காததையும் ஒத்துக்கொண்ட
சகலை தணிகாசலம்